மூன்றாம் பாகம் மறந்துபோன தங்கை

நேற்று மத்தியானம் மெட்ரோபாலிட்டன் லைன் ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என் கைப்பையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பைக்குள் சூடான மட்டன் ரோல்ஸ் இருந்தது. படம் பார்க்கப் போகும் வழியில் ஹரோவில் வாங்கி, காகிதத்தில் சுற்றி, அதன்மேல் என் கம்பளிச் சால்வையைப் போட்டு மூடியிருந்தேன். மூடி என்ன பயன்? மிளகும் பொரித்த ரஸ்க் தூளும் கலந்த அந்த வாசனை பெட்டி முழுக்கப் பரவிவிட்டது. ரோல்ஸைச் சால்வைக்குள் ஒளித்துக் கொண்டுபோகும் பழக்கத்தை எனக்குத் தொற்றவைத்தவர் நீர்தான். தியேட்டருக்குள் வெளிச் சாப்பாடு கொண்டுவரக் கூடாது என்ற அறிவிப்பு மற்றவர்களுக்காக மாட்டப்பட்டது என்பது உம் உறுதியான நம்பிக்கை.

நீர் என்றே எழுதுகிறேன். நான் திருச்சிக்காரி. எங்கள் பக்கம் நீ உண்டு, நீங்க உண்டு. நீர் என்பதைப் பள்ளிப் பாடப்புத்தகத்துக்கு வெளியே நான் கேட்டதில்லை. யாழ்ப்பாணத்துக்காரியான நீர் முதல் தடவை என்னை அப்படி அழைத்தபோது, ராஜா வேஷம் கட்டிய யாரோ மேடையில் பேசுவதுபோல இருந்தது. கொஞ்ச காலத்தில் அதுதான் லண்டனிலேயே எனக்கு மிக நெருக்கமான சொல்லாகிவிட்டது. ஆனாலும் நேரில் கடைசிவரை உம்மை நீங்க என்றுதான் கூப்பிட்டேன். என் நாக்குக்கு வராதது கைக்கு வருகிறது.

ஹரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடந்த மண்டபம் நினைவிருக்கிறதா? என் மகன் அகிலையும் உம் மகள் யாழினியையும் உள்ளே அனுப்பிவிட்டு, வகுப்பு முடியும்வரை அம்மாமார் எல்லாரும் கார்களுக்குள் உட்கார்ந்திருப்போம். ஒரு மழை நாளில் நீர் என் கார்க் கண்ணாடியைத் தட்டினீர். அதற்கு முன் நாம் தலையசைத்துக்கொண்டதோடு சரி.

“நீர் இஞ்ச சும்மா இருந்து என்ன செய்யப் போறீர்? வாரும், ஒரு படம் பாத்திட்டு வருவம்.”

என்ன படம் என்று கேட்டேன். விண்வெளிப் படம் என்றீர். அதெல்லாம் எனக்குப் புரியாது என்றேன்.

“அதில ஒரு அக்காவும் தங்கச்சியும் இருக்கினமாம். உமக்கு விளங்கும்.”

அப்படித்தான் அந்தக் கதைக்குள் நாம் நுழைந்தோம். ஒரு கிரகம் காய்ந்து செத்துக்கொண்டிருக்கிறது. மிஞ்சிய சனங்களை ஏற்றிக்கொண்டு ஒரு பெரிய கப்பல் வானத்துக்குக் கிளம்ப வேண்டும். கப்பலின் கேப்டன், அக்கா. கப்பல் வெளியேற வேண்டிய கதவு பழுதாகிவிடுகிறது. யாராவது ஒருவர் கீழே நின்று அதைக் கையால் திறந்துவைக்க வேண்டும். தங்கை நிற்கிறாள். கப்பல் போய்விடுகிறது. கடைசிக் காட்சியில், இருண்டுபோன அந்தக் கிரகத்தில், ஒரு கோபுரத்தின் உச்சியில் சின்னதாக ஒரு விளக்கு எரிகிறது. அவ்வளவுதான், படம் முடிந்தது.

“உயிரோட இருக்கிறாள்” என்று நீர் எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னீர். முன் வரிசை வெள்ளைக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பினார். நீர் சால்வையை விலக்கி அவரிடம் ஒரு ரோல்ஸை நீட்டினீர். மனிதர் ஒரு கணம் யோசித்தார், பிறகு வாங்கிக்கொண்டார்.

படம் வகுப்பைவிட நீளம் என்பதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. மழைக்குள் ஓடி வந்தபோது பிள்ளைகள் இருவரும் மண்டப வாசலில் ஆசிரியையோடு நின்றார்கள். அவர் நம் கைகளிலிருந்த பாப்கார்ன் வாளியை மட்டும் பார்த்தார். அதன்பிறகு அந்த மண்டபத்தில் நமக்குப் ‘படத்துக்குப் போன அம்மாமார்’ என்ற பெயர் நிலைத்தது.

இரண்டாம் பாகம் வந்தபோது பிள்ளைகள் நம் தோளுக்கு வளர்ந்திருந்தார்கள். நாம் மட்டும் அதே ஆர்வத்தோடு போனோம். அதில் கதை விரிந்தது. கப்பலில் ஒரு சிறுமி. பிறந்ததே அங்கேதான், மண்ணையே கண்டதில்லை. மண் எப்படியிருக்கும் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டே திரிவாள். அப்புறம் ஒரு இயந்திர டாக்டர். நோயாளிகள் பயப்படக் கூடாதென்று அது மெல்ல மெல்லப் பொய் சொல்லப் பழகுகிறது. படம் முடியும்போது கேப்டனின் வானொலியில், விட்டுவந்த கிரகத்திலிருந்து ஒரு மெல்லிய தட்டும் ஓசை. இப்போது அனுப்பியதா, என்றோ அனுப்பி இப்போது வந்து சேர்ந்ததா என்று யாருக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு எத்தனை வருஷம் காத்திருந்தோம்! மூன்றாம் பாகத்தில் என்ன நடக்கும் என்று பேசாத இடமில்லை. உம் வீட்டுச் சமையலறையில், நகைக்கடை வாசலில், யாரோ ஒரு பிள்ளை பெரியவளான சாமத்தியச் சடங்கில் பந்தி இலைக்கு முன்னால். மென்பொருளில் பிழை தேடுவது என் உத்தியோகம். கதையில் பிழை தேடுவது உம் பொழுதுபோக்கு. நீர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எடுப்பவர் என்பதால் அந்த இயந்திர டாக்டர்மேல் உமக்குத் தனி அக்கறை. ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னீர்: “ஆக்களை ஸ்கேன் எடுக்கேக்க திரையில எனக்கு முதலே தெரிஞ்சிடும். முகத்தில காட்டேலாது. அந்த மெசினுக்கு முகம் இல்லை, குடுத்துவைச்சது.”

உம் சொந்தத் தங்கையைப் பற்றியும் அந்தச் சமையலறையில்தான், கொஞ்சம் கொஞ்சமாக, வேறு பேச்சுக்கு நடுவில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நீர் லண்டனுக்கு வந்தீர். தங்கை வதனி அப்பா அம்மாவோடு யாழ்ப்பாணத்தில் நின்றாள். அப்பா இறந்தபோது உமக்கு இங்கே விசா சரிவந்திருக்கவில்லை. போயிருந்தால் திரும்பி வர முடியாது. போனில் அழுதீர். அதற்கு வதனி சொன்னாளாம்: “நீ வராட்டியும் எல்லாம் நடந்து முடிஞ்சுது.” அதன்பிறகு தொலைபேசிப் பேச்சு சுருங்கிச் சுருங்கி, அம்மாவும் போனபின் நின்றேவிட்டது. சண்டை என்று ஒன்று நடக்கவேயில்லை. இருவரும் ஒரு கெட்ட வார்த்தைகூடப் பேசியதில்லை. அதனால் சமாதானம் செய்யவும் வழி தெரியவில்லை.

கடைசியில் மூன்றாம் பாகம் வந்தது. பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். அதே தியேட்டர், சனிக்கிழமை முதல் காட்சி. எங்கிருந்தோ ஒரு புது எதிரி வந்தான். வெடித்தது. துரத்தினார்கள். மறுபடி வெடித்தது. புதிய கிரகத்தில் கப்பல் இறங்கியது, எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். விளக்குப் போட்ட பிறகும் நீர் எழுந்திருக்கவில்லை. கீழே பாப்கார்ன் கூட்ட வந்த பெண், உடம்புக்கு ஏதாவதா என்று உம்மைக் கேட்டாள்.

எதிரே இருந்த கஃபேயில் டீ வாங்கி உட்கார்ந்ததும் ஆரம்பித்தீர்.

“முதல் அந்தப் பிள்ளை. பிறந்ததில இருந்து மண் மண் எண்டு கேட்டுக்கொண்டு திரிஞ்ச பிள்ளை. அவள் மண்ணில கால் வைக்கேக்க முகத்தைக் காட்டவேண்டாமோ? அந்த நேரம் பாத்துக் குண்டு வெடிக்குது.”

இயந்திர டாக்டரையும் சும்மா விடவில்லை. பொய் சொல்லப் பழகிய டாக்டர், உண்மையைச் சொல்லியே ஆகவேண்டிய ஒரு நோயாளியின் முன்னால் வந்து நிற்க வேண்டாமா என்று கேட்டீர். அவர்களோ அந்த டாக்டரைப் பகிடிக்கு, வெறும் சிரிப்புக்கு, வைத்துக்கொண்டார்கள். வானொலித் தட்டலை யார் அனுப்பியது என்று ஒருவர்கூட மூச்சுவிடவில்லை. கடைசியில் தங்கை. புதிய கிரகத்தின் சதுக்கத்தில் அவளுக்கு ஒரு சிலை திறக்கிறார்கள். கேப்டன் அக்கா ஒரு பூ வைக்கிறாள். அதோடு சரி.

“சிலை வைச்சிட்டாங்கள்” என்றீர். “போய்ப் பாக்க ஒருத்தரும் இல்லை. சிலை வைக்க ஆக்கள் இருக்கினம்.”

பிறகு படம் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று சொன்னீர். எதிரியே தேவையில்லை. கேப்டன் ஒரு சின்னக் கப்பலை எடுத்துக்கொண்டு தனியே திரும்பிப் போகிறாள். எல்லாரும் தடுக்கிறார்கள். போகிற வழியெல்லாம் அந்தத் தட்டல் ஓசை. பழைய கிரகம், புழுதிக் காற்று, கோபுரம், படிகள், மேலே ஒரு கதவு. நீர் மேசையில் விரலால் தட்டிக் காட்டினீர். பக்கத்து மேசைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

“கதவத் திறந்ததும் தங்கச்சி முதல்ல என்ன சொல்லுவா?” என்று கேட்டேன். கதை கேட்கும் ஆசையில் கேட்டதுதான், வேறு எண்ணமே எனக்கு இல்லை.

நீர் வாயைத் திறந்தீர். மூடினீர். கேப்டனுக்கும் டாக்டருக்கும் சிறுமிக்கும் மளமளவென்று வசனம் வைத்திருந்த உமக்கு, அந்த ஒருத்திக்கு மட்டும் ஒரு சொல்லும் வரவில்லை. டீ ஆறிப்போனது. பிறகு, நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டீர்.

அடுத்த வாரங்களில் என் கைபேசிக்கு வசனங்கள் வந்தன. தங்கை அழுகிறாள். தங்கை கதவைச் சாத்துகிறாள். தங்கை அக்காவை அடையாளம் தெரியாமல் யாரென்று கேட்கிறாள். ஒவ்வொன்றுக்கும், இது சினிமாத்தனமா இருக்கு என்று பதில் போட்டேன். நீரும் ஒத்துக்கொண்டீர். ஒரு நாள் நேரிலேயே வந்தீர், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னீர்.

“இதை இஞ்ச இருந்து யோசிச்சு எழுதேலாதப்பா. போய்த்தான் கேக்கவேணும்.”

படத்தைப் பற்றித்தான் பேசுகிறீர் என்று தலையாட்டினேன். யாழ்ப்பாணத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டீர் என்பது அடுத்த வசனத்தில்தான் விளங்கியது.

ஹீத்ரோவுக்கு நான்தான் காரோட்டினேன். வழியெல்லாம் கைப்பை வாரை முறுக்கிக்கொண்டே வந்தீர். வருவதாகத் தகவல் சொல்லியிருக்கிறீரா என்று கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் மூலம் சொல்லியாகிவிட்டது, பதில் வரவில்லை என்றீர். உள்ளே போகும் இடத்தில் திரும்பி நின்று, அவள் கதவைத் திறக்காட்டி என்ன செய்யிறது என்று கேட்டீர். திறக்கலைன்னா எனக்குப் போன் பண்ணுங்க, ரெண்டு பேருமா யோசிப்போம் என்றேன்.

இரண்டு நாள் கழித்து, ஆபீசுக்கு வெளியே பெஞ்சில் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தபோது உம் போன் வந்தது. நீர் சிரித்துக்கொண்டிருந்தீர், சிரிப்பு நிற்கவேயில்லை. வதனி கேட்டைத் திறந்தாளாம். உம்மை மேலும் கீழும் பார்த்தாளாம்.

“‘ஏனக்கா தலைமயிரை வெட்டினனீ?’ எண்டு கேட்டாள். வேற ஒண்டும் இல்லை. அதுதான் முதல் வசனம். இவ்வளவு நாளும் மண்டையை உடைச்சும் எனக்கு அது வரேல்லைப் பாரும்.”

பிறகு நடந்ததையெல்லாம் திரும்பி வந்து ஒரு வாரம் முழுக்கச் சொன்னீர். வதனி அங்கே பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தாள். பின்னேரங்களில் பெண்பிள்ளைகளுக்கு வலைப்பந்து பழக்கினாள். வீட்டு முன்னறை முழுக்க வெற்றிக் கிண்ணங்கள். அவற்றைத் தள்ளிவைத்துவிட்டுத்தான் உமக்கு உட்கார இடம் செய்துகொடுத்தாளாம். “நான் இஞ்ச, அவள் தனியா இருந்து அழுதுகொண்டிருக்கிறாள் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறன். அவள் அங்க ஒரு வலைப்பந்து ரீமே வைச்சு நடத்திறாள்” என்று சொல்லி உம் நெற்றியில் நீரே தட்டிக்கொண்டீர். அப்பாவின் சாவு வீட்டு வசனத்தைப் பற்றியும் துணிந்து கேட்டிருக்கிறீர். வதனிக்கு முதலில் ஞாபகமே வரவில்லையாம். வந்ததும் திகைத்துப்போனாளாம். நீ அங்க கிடந்து கவலைப்படக் கூடாது, இஞ்ச ஒண்டும் குறையேல்லை எண்டுதான் சொன்னனான் என்றாளாம். அத்தனை வருஷம் நீர் முள்ளாகத் தூக்கித் திரிந்ததை, அவள் ஆறுதலாகத்தான் அனுப்பியிருந்தாள்.

ஆனால் எனக்குச் சொல்லும்போது உம் குரல் உயர்ந்தது வேறு இடத்தில். வதனி அந்த மூன்று படங்களையும் தமிழ் டப்பிங்கில் கைபேசியில் பார்த்திருந்தாள். மூன்றாம் பாகம் நல்லாயிருக்கு என்று வேறு சொல்லிவிட்டாள். உம்மால் தாங்க முடியவில்லை. முற்றத்தில் கதிரை போட்டு இரண்டு பேரும் சண்டை பிடித்திருக்கிறீர்கள். கேப்டன் திரும்பிப் போயிருக்க வேண்டும், அந்தப் பாவம் காத்துக்கொண்டிருந்தாள் என்று நீர் வாதாட, வதனி கேட்டாளாம்:

“அவள் காத்துக்கொண்டிருந்தவள் எண்டு உனக்கு ஆர் சொன்னது? அவளுக்கு அங்க ஆயிரம் வேலை இருந்திருக்கும்.”

“அப்ப விளக்கு? விளக்கை ஏன் ஏத்தினவள்?”

“இருட்டினா விளக்குக் கொளுத்தத்தானே வேணும்.”

இதைச் சொல்லிவிட்டு நீர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர். பிழை தேடுவதையே தொழிலாகக் கொண்டவள் நான். மூன்று படங்களையும் பார்த்து, வருஷக்கணக்காக அலசியும், அந்த விளக்கு அக்காவுக்காக எரிகிறது என்பதை நான் ஒரு தடவைகூடச் சந்தேகப்படவில்லை. படம் எடுத்தவர்கள் கோட்டைவிட்டது அக்கா திரும்பிப் போகும் காட்சி ஒன்றைத்தான் என்று நாம் நினைத்திருந்தோம். அவர்கள் கோட்டைவிட்டது ஒரு முழுப் படத்தை. காய்ந்த கிரகத்தில் ஒருத்தி தனியே என்ன நட்டாள், எதைப் பழுதுபார்த்தாள், யாரோடு பேசினாள், எப்போது சிரித்தாள்? “மூண்டாம் பாகம் முழுக்க அவளின்ர கதையா இருந்திருக்கவேணும். நாங்களும் அதை விட்டிட்டம்” என்றீர். தோற்றுப்போனதில் உமக்கு அவ்வளவு சந்தோஷம். அன்று போல உம்மை நான் பார்த்ததில்லை.

அடுத்த வருஷம் உமக்கு நோய் வந்தது. உம் ஸ்கேனைத் திரையில் போட்டதும் டாக்டர் பேசத் தொடங்குமுன் நீரே வாசித்துவிட்டீர். எனக்குச் சொல்லும்போது, எங்களுக்குள்ள அந்த மெசின் டாக்குத்தர் வேண்டாம் என்றீர். சரி என்றேன். சொன்னபடியே இருந்தோம், இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பொய் சொல்லவில்லை. அது எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா? அழ வேண்டிய நேரத்தில் அழுதுவிட்டு மீதி நேரத்தில் சிரிக்க முடிந்தது.

வதனி விசா எடுத்து வந்து கோடை முழுக்க உம்மோடு இருந்தாள். ஒரு பின்னேரம் உம் சோபாவில் மூவருமாக அந்த மூன்றாம் பாகத்தை மறுபடி பார்த்தோம். பார்த்தோம் என்று சொல்ல முடியாது. ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் யாராவது நிறுத்துவார்கள். சிறுமி மண்ணில் கால் வைக்கும் இடத்தில் வதனியே நிறுத்தினாள். பின்னால் குண்டு வெடிக்கிற வெளிச்சத்துக்கு முன்னால், ஓரத்தில், அரைக் கணம் அந்தப் பிள்ளையின் கால் விரல்கள் மண்ணுக்குள் சுருங்குவது தெரிந்தது. தியேட்டரில் நாம் இருவருமே அதைக் கவனிக்கவில்லை. நீர் எழுந்து திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தீர். “சரி, இது நல்லாயிருக்கு” என்று ஒத்துக்கொண்டீர். அந்தப் படத்துக்கு உம்மிடமிருந்து கிடைத்த ஒரே பாராட்டு அது.

பனிக்காலம் முடியுமுன் நீர் போய்விட்டீர். யாழினி உம் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனமில்லை. உமக்கும் அப்படிப்பட்ட காட்சிகள் பிடிக்காது.

வதனி இப்போது சனிக்கிழமைகளில் என்னோடு போனில் பேசுகிறாள். அவளுடைய வலைப்பந்து ரீம் இந்த வருஷம் தோற்றுவிட்டது. நடுவர் சரியில்லை என்கிறாள். கோபம் வரும்போது மட்டும் அவள் குரல் அப்படியே உம் குரல்.

ஒன்று சொல்ல வேண்டும். போன மாதம் அகில் வீட்டுக்கு வந்து, கிளாஸ்கோவில் வேலை கிடைத்திருக்கிறது, போகப்போகிறேன் என்றான். அவன் சொல்லி முடிப்பதற்குள் என் தலைக்குள் முழுப் படமும் ஓடிவிட்டது. குளிர், தனி அறை, ஒழுங்கான சாப்பாடில்லாமல் மெலிந்த பிள்ளை, வாரம் ஒரு தடவை அம்மாவின் போனுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறான். சொல்வதற்கு வாயையும் திறந்துவிட்டேன். அப்போதுதான் உம்மையும் அந்தக் கஃபேயையும் நினைத்து நிறுத்திக்கொண்டேன். அடுத்தவர் கதையை நானே எழுதி முடித்துவைக்காமல், அவரிடமே கேட்பது. உம்மிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். எப்போதும் முடிவதில்லை, அன்று முடிந்தது.

“அங்க போய் முதல்ல என்ன பண்ணப்போற?” என்று கேட்டேன்.

அவன் கொஞ்சம் வெட்கப்பட்டான். “ஒரு நாய் வளர்க்கப்போறேம்மா. சின்ன வயசிலேருந்து ஆசை” என்றான்.

பல்கலைக்கழகத்துக்குப் போகும்வரை ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். எனக்கு அது தெரியாது. நீர் இருந்திருந்தால் அதோடு விட்டிருக்க மாட்டீர், நாய்க்கு என்ன பெயர் என்று கேட்டிருப்பீர். நானும் கேட்டேன். இன்னும் முடிவு செய்யவில்லையாம். கெட்டிலில் மறுபடி தண்ணீர் ஊற்றிப் போட்டேன். இருட்டும்வரை அவன் சொல்லிக்கொண்டே இருந்தான்.